தொட்டிலில் நான் போட்ட முடிச்சு

அன்று வீட்டுக்கு வந்த போலீஸ்காரர்களில் ஒருவர்கூட என்னிடம் குரலை உயர்த்திப் பேசவில்லை. இதைச் சொன்னாலே எங்கள் வக்கீலுக்கு எரிச்சல் வரும். "அதை மட்டும் கோர்ட்ல சொல்லிடாதீங்க" என்பார். ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மரியாதைதான். அதிகாரி என்னை வார்த்தைக்கு வார்த்தை அம்மா என்றார். ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று ஷூவைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் கழற்றாமல் உள்ளே வந்தார். அந்த ஒரு கணத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கிருத்திகைக்கு மறுநாள். கிருத்திகையன்று எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து மலைக்கோயிலுக்கு, மலையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். என் கொழுந்தனும் அப்படி ஓட்டிவிட்டு வந்து, ஹாலில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். என் கணவர் ரயிலில் வேலைக்குப் போய்விட்டார். மாமியார் கே.ஜி.கண்டிகையில் எங்களுக்கிருக்கும் கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்க ஆள் விட்டிருந்ததால் காலையிலேயே பஸ் ஏறியிருந்தார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். ஆக வீட்டில் தூங்குகிற கொழுந்தன், உள்ளறையில் தொட்டிலில் தூங்குகிற ஐந்து மாதக் குழந்தை, அடுப்படியில் நான்.

கதவு திறந்துதான் இருந்தது. அதிகாரி வாசலிலேயே நின்று கொழுந்தனின் பெயரைச் சொல்லி, இந்த வீடுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் கஞ்சா வைத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படித்தவள் என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அதனால் கேட்டேன்.

"சார், பேப்பர் எதாவது இருக்குங்களா?"

"இதுக்கு வாரன்ட் தேவையில்லம்மா. பொழுதோட வந்திருக்கோம் பாருங்க. இருட்டினப்புறம் வந்தாதான் அதெல்லாம். நாங்க சட்டப்படிதான் செய்வோம், பயப்படாதீங்க."

கேட்டதற்காக எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னது சரிதான் என்று பிறகு செல்போனில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் அன்று சொன்ன எதுவுமே தவறில்லை.

கொழுந்தனை எழுப்பி ஹாலிலேயே சுவரோரம் உட்கார வைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில், "இன்னா சார், இன்னா விஷயம், ஸ்டாண்டு மேட்டரா?" என்று கேட்டான். அதற்குச் சில நாட்களுக்கு முன் மலையடிவாரத்தில் யாரோ ஒருவருடன் வண்டி நிறுத்துவதில் அவனுக்கு வாய்ச்சண்டை வந்திருந்தது. அந்த ஆள் சாதாரண உடையில் இருந்த போலீஸ் என்று மற்ற டிரைவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சாட்சிகள் என்று இரண்டு பேர் ஜீப்பிலேயே வந்திருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் இல்லை. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "நீங்க சாட்சிக்கு நிக்கிறீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டதும், "அடுப்புல குழம்பு கீது சார்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுக்களையைப் பார்த்தார்கள். ஹாலைப் பார்த்தார்கள். அவன் ஆட்டோவின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு அதிகாரி எங்கள் அறை வாசலுக்கு வந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"இது நீங்க இருக்கிற ரூமாம்மா?"

"ஆமாங்க. குழந்த தூங்குது."

"பொம்பளைங்க இருக்கிற ரூம்ல நாங்க பாட்டுக்கு நுழையக் கூடாது. முன்கூட்டியே சொல்லி, நீங்க வெளிய போறதுக்கு வசதி செஞ்சு கொடுத்துட்டுதான் வரணும். நீங்க பாப்பாவத் தூக்கிக்கினு பின்பக்கம் போயிடுங்க. எங்க லேடி கான்ஸ்டபிள் கூட இருப்பாங்க."

நான் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினேன். தூக்கம் கலைந்து அழ ஆரம்பித்தாள். தோளில் போட்டுக்கொண்டேன். முந்தானை சரிந்தது. அதிகாரி உடனே முகத்தை ஹால் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இடைவெளியில்தான் தொட்டிலை முடிச்சுப் போட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டில் என்பது என் அம்மாவின் பழைய வாயில் புடவை. கூரைக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டது. வெறும் தொட்டில் ஆடினால் குழந்தைக்கு வயிற்றுவலி வரும் என்பது என் மாமியாரின் நம்பிக்கை. அதனால் குழந்தையைத் தூக்கியதும் புடவையின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் முறுக்கி முடிச்சுப் போட்டுவிட வேண்டும். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான் இரண்டு முறை மறந்துபோய், "படிச்ச பொண்ணு, ஒரு முடிச்சு நெனப்புல நிக்கல" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் குழந்தைக்கு ஒருநாள் வயிறு உப்பிக்கொண்டு விடிய விடிய அழுதபோது, நம்பிக்கை இல்லாமலேயே முடிச்சுப் போடப் பழகிக்கொண்டேன். பயத்தில் ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போடுவேன். போட்டால் நடுவில் துணி உருண்டு திரண்டு நிற்கும். உள்ளே ஒரு கைக்குட்டையைக்கூடத் திணிக்க முடியாது. குழந்தையின் அடித்துணியை முதலில் எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். அன்றும் அப்படித்தான்.

அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கக் கூடிய ஒரே மனிதர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். பெண் போலீஸ் என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டி விளையாட்டுக் காட்டினாள்.

"பொண்ணா அக்கா?"

"ஆங்."

"முடி எவ்ளோ அடர்த்தி! மொட்ட அடிக்கலியா இன்னும்?"

"ஒம்பதாம் மாசம்னு வேண்டிகினுகீறோம்."

"எங்கெங்கயோ இருந்து ரயிலேறி வந்து அடிச்சிட்டுப் போறாங்க. நீங்க மலைக்குக் கீழயே வீட்ட வெச்சிகினு நாள் பாக்கறீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. குழந்தை விடாமல் அழுதாள். பால் கொடுக்க அங்கே மறைவு இல்லை. தன் குழந்தை அரக்கோணத்தில் அம்மா வீட்டில் இருப்பதாகவும் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பதாகவும் அவள் சொன்னாள். அவளுக்காக நான் வருத்தப்பட்டேன். இப்போதும் அந்த வருத்தம் பொய் என்று சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் அடங்கியது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "முடிஞ்சிடுச்சு போலக்கா. பாப்பாவ உள்ள போடுங்க, பாவம் அழுவுது."

அறையில் மெத்தை புரட்டிப் போட்டிருந்தது. என் புடவைகள் தரையில் கிடந்தன. தொட்டில் நான் விட்டுப்போனபடியே, நடுவில் முடிச்சோடு, ஆடாமல் தொங்கியது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. நகத்தால் நெம்பி, கடைசியில் பல்லால் இழுத்துத்தான் அவிழ்த்தேன். வாயில் சாம்பிராணி வாசனை அடித்த நூலின் ருசி இருந்தது. எறும்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், எப்போதும் செய்வதுபோல. எறும்பும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அடித்துணியை விரித்துக் குழந்தையைப் போட்டேன்.

போட்டு ஆட்டத் தொடங்கியதும் அதிகாரி வந்தார். கூட செல்போனோடு ஒரு போலீஸ்காரர்.

"ஒரு சின்ன வீடியோ எடுக்கணும்மா. இப்ப புதுச் சட்டத்துல சோதனை போட்டா வீடியோ கட்டாயம். வீட்டு ஆளு கூட இருக்கணும்னும் இருக்கு. உங்க பாதுகாப்புக்குத்தான். பாப்பாவ ஒரு நிமிஷம் தூக்கிக்குங்க."

தூக்கினேன். முந்தானையைச் சரிசெய்ய அந்தப் பக்கம் திரும்பினேன்.

"தொட்டில் துணிய ஒரு கையால விரிச்சுப் பிடிங்கம்மா. நாங்க தொட்டா தப்பாப் பேசுவாங்க."

விரித்துப் பிடித்தேன். அவர் கையை உள்ளே விட்டு, பழுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

அந்த வீடியோவில் என் முகம் தெரியாது. குழந்தையின் பின்தலையும், என் கண்ணாடி வளையலும், தொட்டிலை அகலமாகத் திறந்து காட்டுகிற என் கையும் தெரியும். நான் திரும்பி நின்றது அதில் இல்லை. அதற்குப் பிறகிலிருந்துதான் வீடியோ ஆரம்பிக்கிறது.

ஹாலில் கொழுந்தனைக் கையைப் பிடித்து எழுப்பினார்கள். பொட்டலத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணி, சொல்லு அண்ணி! பாப்பா தொட்டில்ல நான் கொண்டாந்து வெப்பனா? அங்க எதனா இருந்துச்சா? நீதான ஆட்டிகினே இருப்ப, சொல்லேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வைத்ததை நான் பார்த்தேனா? இல்லை. எப்படி வந்தது என்று தெரியுமா? தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பொட்டலத்தை எடுத்ததற்கு மகஜர் என்று எழுதியதைப் படிக்கக் கொடுத்தார்கள். நான் முழுவதும் படித்தேன். பெண்ணுக்கு முன்னறிவிப்பு தரப்பட்டது, பெண் காவலர் உடனிருந்தார், சாட்சிகள் முன்னிலையில், வீட்டுப் பெண்ணின் முன்னிலையில், தொட்டில் துணியின் மடிப்பிலிருந்து. கதவு எண் தவறாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னேன். அதிகாரி, "கரெக்டா சொன்னீங்கம்மா" என்று திருத்தினார். பிரதி ஒன்று பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன். தொட்டில் புடவையையும் கொக்கியிலிருந்து அவிழ்த்துக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிச்சைப் பற்றிய நினைப்பு ஜீப் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு வந்தது.

மாமியார் சாயங்காலம் தலையில் வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள். மூட்டையை இறக்காமலேயே கேட்டார், நானும் நடந்ததைச் சொன்னேன். முடிச்சைச் சொன்னேன், அவிழ்த்ததைச் சொன்னேன், பிடித்துக் காட்டியதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மூட்டையைத் தரையில் போட்டார்.

"கட்டறதுக்கு நான் சொல்லித் தந்தேன். அவுக்கறதுக்கு எவடி சொல்லித் தந்தா?"

"குழந்த அழுதுச்சு அத்த."

"அழுதா செத்தா பூடும்? இடுப்புல வெச்சிகினு, இதோ பாருங்க சார், முடிச்சு அப்படியே கீதுன்னு நாலு பேரக் கூப்ட்டுக் காட்டியிருக்க வேணாம்? அவன் விரிச்சுப் புடின்னானாம், இவ விரிச்சுப் புடிச்சாளாம். மாப்ள வூட்டுக்குத் தாம்பூலத் தட்டு புடிக்கிற மாதிரி!"

என் கணவர் வந்ததும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தரையில் கிடந்த புடவைகளை மடித்துக்கொண்டே, "நீ எதுவும் வெளிய பேசாத" என்றார். ஏன் என்று கேட்டேன். "தொட்டில் யாருது? யோசிச்சுப் பாரு" என்றார்.

அதுவரை நான் அதை யோசிக்கவேயில்லை. அதன்பின் அதைத் தவிர வேறொன்றை யோசிக்கவும் முடியவில்லை.

அரக்கோணத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் எங்கள் வக்கீலின் அறை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. முதல் தடவை போனபோது மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல, சாப்பிடாமல் மூடி வைத்தார்.

"எல்லாம் கரெக்டா செஞ்சிருக்காங்க" என்றார். பாராட்டுவதுபோல இருந்தது அந்தக் குரல். "உங்கள வெளிய அனுப்பினது உங்க உரிமை. ஆனா கூட இருந்து பாக்கறதும் உங்க உரிமைதான். அத யாரும் சொல்லலை, இல்ல?"

"இல்லைங்க."

"குழந்தைய பெண் போலீஸ்கிட்ட கொடுத்துட்டு நான் இங்கயே நிக்கிறேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்களும் சொல்ல மாட்டாங்க." பிறகு என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பிடித்து, முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். அவர் அவிழ்த்துப் பார்த்தார். நகம் உடைந்தது. "அடக் கடவுளே" என்றார். அந்த அறையில் ஒரே ஒரு தடவை நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

"இதுக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சி. ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க கூண்டுல ஏறி, அது என் தொட்டில், நான்தான் கட்டினேன், நான்தான் அவுத்தேன்னு சொன்னா, அப்ப பொட்டலமும் உங்களுதான்னு அவங்க திருப்பலாம். உங்க மேலயும் வரலாம். வராமலும் போகலாம். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

குழந்தை என் மடியில் இருந்தாள். வக்கீலின் பேனாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்தின் எடை எளிதில் ஜாமீன் கிடைக்காத அளவில் இருந்தது. கேட்ட மனுக்கள் தள்ளுபடியாயின. வாரம் ஒருமுறை என் கணவர் வேலைக்கு லீவு போட்டு ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "இன்னா சொன்னான்?" என்று மாமியார் கேட்பார். "பாப்பா தவழுதான்னு கேட்டான்" என்பார். "உக்காருதான்னு கேட்டான்." "பல்லு மொளச்சுதான்னு கேட்டான்." என்னைப் பற்றி அவன் கேட்டதாக ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் வந்து போனது. சித்தப்பா ஆட்டோவில்தான் குழந்தை மலைக்கு மொட்டைக்குப் போகும் என்று அவள் பிறந்த அன்றே அவன் சொல்லியிருந்தான். சீட்டுக்கு மஞ்சள் ரெக்ஸின்கூடப் போட்டு வைத்திருந்தான். "அவன் வராம மொட்ட கெடயாது" என்றார் மாமியார். முடி வளர்ந்து கண்ணில் விழுந்தது. வாசலில் நின்றால், மலையிலிருந்து இறங்குகிற ஆந்திராக்காரர்கள் குழந்தையைப் பார்த்து, ஆணா பெண்ணா, மொட்டை இல்லையா என்று தெலுங்கில் கேட்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்த மாதங்களில் நான் சட்டம் படித்தேன், அதாவது செல்போனில். குழந்தை தூங்கும்போது, தரையில் பாயில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு. இன்னொரு தொட்டில் நாங்கள் கட்டவில்லை. போலீஸ் எந்த எல்லை வரை போகலாம், எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்தே ஆக வேண்டும் என்று படிக்கப் படிக்க, அந்த அதிகாரி ஒவ்வொன்றையும் படித்தவர் என்பதுதான் தெளிவாயிற்று. பெண்ணின் மானத்தைக் காக்க ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லித்தான் என்னை அறையிலிருந்து அனுப்பினார். சோதனையில் கள்ளத்தனம் நடக்காமலிருக்க வீடியோ என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லித்தான் என் கையாலேயே தொட்டிலை விரித்துப் பிடிக்க வைத்தார். சட்டம் போட்ட வேலி எல்லாம் அப்படியே இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். அவன் உத்தமன் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது, பீடியும் இல்லை சிகரெட்டும் இல்லை, வேறொரு வாசனை வந்தது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிற சில சினேகிதர்கள் அவனுக்கு உண்டு. அந்த வாசனை என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை, சோப்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டேன். அந்தப் பொட்டலம் வீட்டில் வேறெங்காவது இருந்ததா, அதை எடுத்துத் தொட்டிலில் காட்டினார்களா, அல்லது ஜீப்பிலேயே வந்ததா? பாயில் படுத்து இப்படியெல்லாம் யோசிப்பேன். யோசித்து யோசித்துக் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். தொட்டிலில் அது இல்லை. அது மட்டும் என் பல்லுக்குத் தெரியும்.

சாட்சி சொல்லப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னபோது அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். "குழந்தைக்கு ரெண்டு வயசு ஆவட்டும்" என்றார்.

"கேஸ் அதுக்கெல்லாம் நிக்காதுங்க."

"உன்னையும் புடிச்சா நான் இத வெச்சிகினு இன்னா செய்வேன்? சொல்லு."

மாமியார்தான் அடுக்களையிலிருந்து பேசினார். "அன்னிக்கி அவன் கேட்டப்ப இவ தெரியலன்னுட்டா. இன்னிக்கும் தெரியலன்னு சொல்லச் சொல்றியாடா?" அது எனக்கு ஆதரவா, குத்தலா என்று புரியவில்லை. இரண்டுமாகவே எடுத்துக்கொண்டேன். அன்று இரவு என் கணவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எந்த ரயிலுக்குப் போகணும்னு சொல்லு, லீவு போடறேன்" என்றார்.

கோர்ட்டில் குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார். அப்போது அவளுக்கு நடக்க வந்துவிட்டது. முடியை இரண்டு குடுமியாகக் கட்டியிருந்தேன். கொழுந்தனைப் போலீஸ் வேனில் கூட்டி வந்திருந்தார்கள். ரொம்ப இளைத்திருந்தான். குழந்தை அவனை யாரென்று தெரியாமல் பார்த்தாள். அவன் சிரிக்க முயன்றான். என்னைப் பார்க்கவில்லை.

கூண்டில் ஏறினேன். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று சொன்னபோது அந்தச் சட்டை வாசனைதான் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று கடைசிவரை முடிவு செய்யவில்லை.

வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். தூக்கியது, முடிச்சு, பின்பக்கம், திரும்பி வந்தது, பல்லால் அவிழ்த்தது. பிறகு அவர் நீதிபதியிடம் ஏதோ கேட்டார். கோர்ட் ஊழியர் அரக்கு வைத்த ஒரு கவரைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே என் அம்மாவின் புடவை. அடையாளம் கேட்டார்கள். என் தொட்டில் என்றேன். அது இன்னும் சாம்பிராணி வாசனையோடு இருக்கும் என்று ஏன் எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. காகிதம் வைத்த பீரோ வாசனைதான் வந்தது.

"எப்படி முடிச்சு போட்டீங்கன்னு காட்டுங்க."

ஒரு ஓரத்தைக் கோர்ட் ஊழியர் பிடித்துக்கொண்டார். கூண்டுக் கட்டையில் மறு ஓரத்தைக் கட்டி, இரு பக்கத்தையும் சேர்த்து, முறுக்கி, முடிச்சுப் போட்டேன். அதன்மேல் இன்னொன்று. கை தானாகச் செய்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார். ஊழியர் நகத்தால் நெம்பினார். பிறகு உட்கார்ந்து மடியில் வைத்து நெம்பினார். பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அரசு வக்கீல் எழுந்தார். அவரும் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, வீடியோவில் தொட்டில் திறந்துதானே இருக்கு?"

"ஆமாங்க."

"திறந்து பிடிச்சிருக்கிற கை யாருடையது?"

"என்னுதுங்க."

"முடிச்சு இருந்ததை உங்களைத் தவிர யாராவது பார்த்தாங்களா?"

"இல்லைங்க."

"அன்னைக்கு உங்க வீட்டிலேயே, எதனா இருந்துச்சான்னு உங்க கொழுந்தன் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

கொழுந்தன் அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"தெரியலன்னு சொன்னேன்."

"இப்ப தெரியுதா?"

"அன்னைக்கும் தெரியுங்க. அவுத்தது நான்தான். அதுல ஒண்ணுமில்லைங்க. கொழுந்தன் எதைக் கேக்கறார்னு எனக்கு அப்பப் புரியல."

அரசு வக்கீல் உட்கார்ந்தார். சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டிருப்பேன் என்றும் சில நாட்கள் தோன்றுகிறது.

என்மேல் இதுவரை எதுவும் வரவில்லை. தீர்ப்பும் வரவில்லை. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி என்று போய்க்கொண்டிருக்கிறது. குழந்தையின் முடி தோள்வரை வந்துவிட்டது. கொழுந்தன் கடைசியாக என் கணவரிடம், "அண்ணி சாப்ட்டாங்களா அன்னிக்கி? கூண்டுல மயக்கமா நின்ன மாதிரி இருந்துச்சி" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது என் கணவர் என்னைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்று நான் கூண்டிலிருந்து இறங்கிய பிறகும் ஊழியர் அந்த முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். "நான் வேணா அவுத்துத் தரட்டுங்களா?" என்று கேட்டேன். பழக்கதோஷம். கேட்டவுடன் வக்கீல் என் கையை இறுகப் பிடித்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "வேண்டாம், அப்படியே வைங்க" என்றார்.

முடிச்சோடு மடிக்க முடியாமல், அந்தப் புடவையைச் சுருட்டிக் கவருக்குள் திணித்து, மறுபடி அரக்கு வைத்தார்கள்.